எஸ்டிமேட் போடும் முன்பே அதிகாரிகளை நம்மிடம் கேட்க வைப்பது எப்படி? வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். தெருவில் யாராவது குழி தோண்டினால் முதல் போன் எனக்குத்தான் வரும். இந்த ஒன்பது ஆண்டுகளில் வேலூரைத் தோண்டிய மாதிரி நான் பிறந்ததிலிருந்து எப்போதும் தோண்டியதில்லை. அதனால் கேள்விகளும் நிறைய. சங்கக் கூட்டத்திலும் டீக்கடையிலும் காலை நடையிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவற்றை, எனக்குத் தெரிந்த பதில்களோடு எழுதி வைக்கிறேன்.

ஸ்மார்ட் சிட்டி திட்டம்தான் முடிந்துவிட்டதே, இனி இதைப் பேசி என்ன ஆகப்போகிறது?

நகரங்களின் சாலை, வடிகால் போன்ற வசதிகளை மேம்படுத்த மத்திய அரசு இந்தத் திட்டத்தை 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. மொத்தம் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. வேலூர் 2016 செப்டம்பரில் வந்த பட்டியலில் மதுரை, சேலம், தஞ்சாவூரோடு சேர்ந்து இடம்பிடித்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய், அதே அளவு மாநில அரசும் மாநகராட்சியும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. பலமுறை காலம் நீட்டித்து, 2025 மார்ச் 31 உடன் திட்டம் முடிந்தது.

ஆனால் முடிந்தது அந்தப் பெயர்தான். சாலை, பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால், ஏரி, மார்க்கெட் என்று நகரத்துக்கு வேலை வந்துகொண்டேதான் இருக்கும். நாளைக்கு வேறு பெயரில் பணம் வரும். அப்போதும் அதிகாரிகள் வரைந்து, கான்ட்ராக்டர் தோண்டி, நாம் கதவைத் திறந்து பார்த்து அதிர்ச்சி அடைவதா? அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன்.

மக்களிடம் கேட்டுத்தானே செய்தார்கள்?

கேட்டார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். நகரங்கள் போட்டி போட்டுத்தான் திட்டத்துக்குள் வந்தன. மக்களிடம் எந்த அளவுக்குக் கருத்துக் கேட்டார்கள் என்பதற்கும் அந்தப் போட்டியில் மதிப்பெண் உண்டு. இணையத்தில் கருத்துக் கேட்டார்கள், கூட்டம் போட்டார்கள். ஆனால் அப்போது கேட்டது, “உங்கள் ஊருக்கு என்ன வேண்டும்?” என்ற பொதுக் கேள்வி. அதற்கு எல்லோரும் நல்ல சாலை, நல்ல தண்ணீர், சுத்தமான ஊர் என்றுதான் சொல்வார்கள். எந்தத் தெருவில், எந்த மட்டத்தில், எந்தப் பக்கமாகத் தண்ணீர் போகும்படி என்ற கேள்வி வந்தபோது நம்மிடம் கேட்க ஆள் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வேலூர் தேர்வானது 2016 செப்டம்பரில். அடுத்த மாதமே மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. அதாவது, திட்டத்தின் முக்கியமான முடிவுகள் எடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நமக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரி ஆட்சி. பணத்தையும் பணிகளையும் கையில் வைத்திருந்தது மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதிப் பங்கு வைத்த ஒரு தனி நிறுவனம். மக்கள் பக்கத்தில் இருந்த கதவு, நகர அளவிலான ஆலோசனை மன்றம் ஒன்றுதான். கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர் ஆகியோரோடு குடியிருப்போர் நலச் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம், குடிசைப் பகுதிக் கூட்டமைப்பு ஆகியவற்றின் ஆட்களும் அதில் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது. ஆலோசனை சொல்லலாம், முடிவு எடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

2022இல் வேலூர்ப் படங்கள் இரண்டு நாடு முழுக்கச் சுற்றின. ஒன்று, நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரம் புதையும்படி போட்ட சிமென்ட் சாலை. இன்னொன்று, அடிபம்பையும் சேர்த்துப் போட்ட கான்கிரீட். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வேதனையாக இருந்தது. வேலை தொடங்கும் முன் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும், இரண்டுமே நடந்திருக்காது.

மனு கொடுக்கிறோமே, அதுவும் பங்கேற்புதானே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் நடக்கிறது. முதல்வரின் உதவி எண்ணான 1100க்குப் போன் செய்யலாம். இரண்டும் வேண்டும். ஆனால் மனு என்பது தவறு நடந்த பிறகு எழுதுவது.

எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். மழைநீர் வடிகால் கட்ட ஜேசிபி வந்து நின்றது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் முப்பது வருடமாக அங்கேயே நிற்பவர். “சார், மழை பெய்தால் தண்ணீர் மலைப்பக்கமிருந்து இப்படித்தான் வரும், நீங்கள் சரிவை எதிர்ப்பக்கம் கொடுக்கிறீர்களே” என்று சொல்லிப் பார்த்தார். வேலை செய்தவர்களுக்கு எஸ்டிமேட்டில் இருப்பதை மாற்ற அதிகாரம் இல்லை. முதல் மழைக்கே தண்ணீர் வடிகாலுக்குள் போகாமல் நான்கு வீட்டு வாசலில் நின்றது. நாங்கள் மனுவோடு ஓடினோம். “எஸ்டிமேட்படிதான் கட்டியிருக்கிறோம்” என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட! எஸ்டிமேட்தான் தவறு. கட்டியதை இடிக்க வேறு எஸ்டிமேட், வேறு நிதி, வேறு அனுமதி. இன்றுவரை அந்த நான்கு வீட்டிலும் மழைக்காலத்தில் வாளியால் இறைக்கிறார்கள்.

இன்னொரு முறை வேறு மாதிரி நடந்தது. எங்கள் தெருவுக்குச் சாலை வரப்போகிறது என்று முன்பே தெரிந்ததும், அளவெடுக்க வந்த பெண் பொறியாளரை நிறுத்தி, தெருவை முழுதாக நடந்து காட்டினோம். எந்த வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும், இல்லையென்றால் பதினோரு வீடு பள்ளத்தில் போய்விடும் என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்தது. அவர் அதை எழுதிக்கொண்டார், எஸ்டிமேட்டில் ஏறியது, சாலை சரியான மட்டத்தில் வந்தது. அரை நாள் வேலை. நான் சொல்லும் பங்கேற்பு இதுதான்: வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே உள்ளே போவது. டெண்டர் போன பிறகு நம்மால் புகார்தான் சொல்ல முடியும்.

பொறியாளருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?

குழாயின் விட்டம், கம்பியின் அளவு, கான்கிரீட் கலவை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதில் நாம் தலையிடக் கூடாது. ஆனால் தண்ணீர் எந்த நேரத்தில் எங்கே வந்து நிற்கிறது என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். “நீரில்லா ஆறு, மரமில்லா மலை” என்று நம்மூரைச் சொல்வார்கள். வெளியூரிலிருந்து மாறுதலாகி வந்த அதிகாரி பாலாற்றின் மணலைப் பார்த்து, இங்கே வெள்ளமா என்று நினைப்பது இயல்பு. 2021 நவம்பரில் அதே பாலாறு கரை முட்ட ஓடியதை நாம் பார்த்தோம். நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கன்சால்பேட்டையில் எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் நுழையும், இந்திரா நகரில் எந்தச் சந்து கடைசியாக வடியும் என்பதை அங்கே குடியிருக்கும் எந்த அம்மாவைக் கேட்டாலும் விரல் நீட்டிச் சொல்வார். அது எந்த சாட்டிலைட் படத்திலும் கிடைக்காது.

இன்னொன்று, அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டில் மாறிப் போவார்கள். ஊரின் ஞாபகம் நம்மிடம்தான் இருக்கிறது.

பகுதி சபை என்கிறார்களே, அது என்ன?

கிராமத்துக்குக் கிராம சபை இருப்பது போல நகரத்துக்குப் பகுதி சபை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின.

வேலூருக்கு இது தனி முக்கியம். 2008இல் நாம் மாநகராட்சி ஆனோம். 2011இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு நகராட்சிகளோடு சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து 60 வார்டு ஆனது. அப்படிச் சேர்ந்த ஊராட்சிகளில் அதற்கு முன் கிராம சபை கூடிக்கொண்டிருந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்து, மரத்தடியில் உட்கார்ந்து தலைவரைக் கேள்வி கேட்ட மக்கள், மாநகராட்சியில் சேர்ந்த அன்றே அந்த உரிமையை இழந்தார்கள். வரி உயர்ந்தது, கேட்கும் இடம் போய்விட்டது. அதனால் பகுதி சபை வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

குறையும் உண்டு. பகுதியின் பிரதிநிதியை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கூட்டம் நடக்கும் நாள் பலருக்குத் தெரிவதே இல்லை. கவுன்சிலர் வீட்டுக்குப் போய், அடுத்த கூட்டம் என்றைக்கு, எங்கே என்று நாமே கேட்டு வாட்ஸாப்பில் போட்டால்தான் ஆள் சேரும்.

கூட்டம் கட்சிக் கூட்டமாகிவிடுகிறதே?

ஆகும். நாம் பத்துப் பேர் போனால் ஆகும், அறுபது பேர் போனால் ஆகாது. எந்தக் கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் அதே சாக்கடைத் தண்ணீர்தான் நிற்கிறது. அதை வைத்துப் பேசுங்கள்.

போய் எதைப் பேசுவது?

“ரோடு சரியில்லை” என்று சொன்னால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். எந்த மின்கம்பத்திலிருந்து எந்தக் கடை வரை, எத்தனை அடி, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். அப்புறம், அடுத்த ஆறு மாதத்தில் இந்தப் பகுதிக்கு என்னென்ன வேலை எஸ்டிமேட் நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விதான் முக்கியம். நீங்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று எழுந்து வரும் முன் பார்த்துவிடுங்கள்.

எஸ்டிமேட்டை நமக்குக் காட்டுவார்களா?

கேட்டால் காட்டியாக வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. எஸ்டிமேட், வரைபடம், வேலை உத்தரவு, முடித்த வேலையின் அளவைக் குறிக்கும் அளவுப் புத்தகம் எல்லாம் கேட்கலாம். நேரில் போய்ப் பார்க்கவும் உரிமை உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: வேலையில் போடும் பொருளின் மாதிரியையும் முறைப்படி கேட்டு வாங்கச் சட்டம் இடம் தருகிறது. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை எடுக்கும்போது அந்த விவரங்களை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது.

என் அனுபவத்தில், சண்டைக்காரர் மாதிரி எழுதாமல் தேவையானதை மட்டும் இரண்டு மூன்று வரியில் கேட்டால் பதில் சீக்கிரம் வருகிறது.

மாஸ்டர் பிளானில் நாம் கருத்துச் சொல்ல முடியுமா?

முடியும், இதை விட்டுவிடவே கூடாது. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிலுக்கு, எது பசுமைக்கு, எங்கே அகலச் சாலை என்று பல ஆண்டுகளுக்கு முடிவு செய்யும் திட்டம் அது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தை அரசிதழிலும் செய்தித்தாளிலும் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த அறிவிப்பு பேப்பரின் மூலையில் சின்ன எழுத்தில் வரும். எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதற்காகவே தினமும் இரண்டு பேப்பரை வரி விடாமல் பார்க்கிறார். ஏரியைச் சுற்றி வீடு வந்த பிறகு அழுவதைவிட, அந்த இரண்டு மாதத்தில் ஒரு கடிதம் எழுதுவது சுலபம்.

நான் வாடகை வீட்டில் இருப்பவன். எனக்கு என்ன உரிமை?

எங்கள் சங்கத்திலேயே முன்பு சொந்த வீட்டுக்காரர்தான் உறுப்பினர் ஆகலாம் என்றிருந்தது. சண்டை போட்டு மாற்றினோம். வாடகைக்கு இருப்பவரும் அதே தண்ணீரைத்தான் பிடிக்கிறார், அதே பஸ்ஸில்தான் போகிறார்.

சங்கம் என்றாலே ஓரளவு வசதியானவர்களின் குரலாகிவிடும் ஆபத்து இருக்கிறது, இதை நான் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன். “நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும்” என்று எங்கள் ஆட்களே தீர்மானம் போடப் பார்த்தார்கள். அந்தக் கடையில்தான் அவர்களும் காய் வாங்குகிறார்கள்! 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியும் முன் யாரையும் அகற்றக் கூடாது. நேதாஜி மார்க்கெட்டைச் சுற்றியோ லாங் பஜாரிலோ எதை மாற்றுவதென்றாலும் விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே மூட்டை இறக்குபவரைக் கேட்காமல் வரையும் படம் ஒரு வாரம்கூட நிற்காது.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது. சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிற நோயாளிகள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தோட்டப்பாளையம் பக்கத்து லாட்ஜுகளில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாத அப்பாவைத் தாங்கியபடி ஆற்காடு சாலையைக் கடக்க நிற்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். வேலூரின் நடைபாதையை வேறு யாரையும்விட அதிகம் நம்பியிருப்பவர்கள் அவர்கள்தான். எந்தக் கருத்துக்கேட்பிலும் அவர்கள் பெயர் இருக்காது. லாட்ஜ் வைத்திருப்பவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் அவர்களுக்காகப் பேச வேண்டும். பகுதி சபைக்கு அந்த ஓட்டுநர்களை நாம் கூட்டிப் போக வேண்டும்.

மொபைல் ஆப்பில் கருத்துக் கேட்டால் போதாதா?

விளக்கு எரியவில்லை என்று படம் எடுத்து அனுப்ப ஆப் நல்லது. ஆனால் எங்கள் தெருவில் குப்பை தரம்பிரிக்கும் அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அவர் சொல்வதில் பாதியைக் கேட்டு நடந்தாலே இந்த நகரத்தின் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆப்பில் மட்டும் கேட்டால் அவர் குரல் வராது.

கண்ட்ரோல் ரூம், கேமரா பற்றி நாம் கேட்கலாமா?

கேட்கலாம். நகரத்துக் கேமராக்களை ஓரிடத்திலிருந்து கவனிக்கும் கட்டுப்பாட்டு மையம் ஸ்மார்ட் சிட்டி நகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. எங்கே கேமரா, பதிவை எத்தனை நாள் வைக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெண்கள் ஏன் வருவதில்லை?

காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவார்? நாங்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பள்ளி மைதானத்தில், குழந்தைகள் விளையாட இடம் வைத்து நடத்தினோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அன்றைக்கு வந்த முதல் புகார், பஸ் ஸ்டாப்பில் இரவு விளக்கு இல்லை என்பது. அதுவரை ஆண்கள் நடத்திய கூட்டத்தில் யாரும் அதைச் சொன்னதே இல்லை.

நாமே பணம் போட்டால் வேலை சீக்கிரம் நடக்குமா?

நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். பணம் போட்ட வேலையை மக்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பார்கள், தரம் நன்றாக வரும். ஆனால் பணம் சேர்க்க முடிந்த தெருவுக்கே பூங்கா வரும், முடியாத தெருவுக்கு வராது. அதனால் எங்கள் சங்கம் ஒரு முறை தன் தெருவை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் காலனிக்காகப் பணம் திரட்டியது. எல்லோருக்கும் அதில் சம்மதம் இல்லை, ஆனாலும் செய்தோம்.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்?

நியாயமான பயம். கேரளாவில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். அங்கே மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்து, வார்டு வார்டாக மக்களை உட்கார வைத்துத் திட்டம் போட்டார்கள். புனே மாநகராட்சியில் 2006 முதல் அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு மக்களே தங்கள் பகுதி வேலைகளை எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இரண்டிலும் குறைகள் இருந்தன. ஆனால் கேட்டதால் நகரம் நின்றுபோகவில்லை. நான் முதலில் சொன்ன நான்கு வீட்டு வடிகாலை நினைத்துப் பாருங்கள்: இஸ்திரி அண்ணனைக் கேட்க பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

சரி, எங்கள் தெருவில் எங்கிருந்து தொடங்குவது?

ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து பேராகத் தெருவை நடந்து பாருங்கள். வயதானவர் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஒரு பெரிய சார்ட் தாளில் வீடுகள், மின்கம்பம், அடிபம்பு, மேன்ஹோல், மரம் எல்லாவற்றையும் குறியுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தை நீல நிறத்தில். மழை வந்ததும் குடையோடு மறுபடி நடந்து, நீலத்தைத் திருத்துங்கள். அதில் ஐந்து பிரதி எடுத்து, ஒன்றை மண்டல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். ஒன்றைக் கவுன்சிலரிடம் கொடுங்கள்.

எங்கள் தெருப் படம் சங்க அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது, ஓரம் கிழிந்து டேப் போட்டிருக்கிறோம். பின்னால் இருக்கும் காலனியின் படத்தை அங்குள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த பகுதி சபைக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.